வாசலில் எடுத்த புள்ளி

கோயில், பள்ளிவாசல், கண்மாய், ரேஷன் கடை, பட்டாசுக் கம்பெனி என்று ஒவ்வொரு இடமாகப் போய் நின்று, போனில் அதன் அட்சரேகை தீர்க்கரேகையைப் பிடித்து அனுப்புவதுதான் அப்போது என் வேலை. அந்தப் புள்ளிகளை வைத்து வரைபடம் போடுவார்கள். ஒரு நாளைக்கு நாற்பது இடம் முடிக்க வேண்டும். வெயிலில் மண்டை காய்ந்து திரிகிறவனிடம் சரியாகத்தான் எடுத்தாயா என்று யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் வாட்ச்மேன் ஒரு மரப்பெட்டி வைத்திருப்பார். வேலைக்கு வருகிறவர்கள் அதில் போனைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். என் அக்கா வேலை பார்த்த கம்பெனிக்குப் புள்ளி எடுக்கப் போனபோதும் அப்படித்தான்.

"போன இதுல வச்சிட்டு உள்ள போய்ப் பாத்துக்கிடுங்க" என்றார் வாட்ச்மேன்.

போன் இல்லாமல் உள்ளே போய் நான் என்னத்தைப் பிடிக்க? ரோட்டோர வாசலில் நின்றபடியே புள்ளியை எடுத்துவிட்டேன். வேலை நடக்கும் அறைகள் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தன. நடந்து போக ஒரு சின்னப் பாலம் உண்டு. வண்டி போக வேண்டுமானால் ஆமத்தூர்ப் பக்கமாகச் சுற்றி மண்பாதையில் வர வேண்டும். அந்தப் பாதை பிரிகிற இடத்துக்கும் போய் இன்னொரு புள்ளி எடுத்திருக்கலாம். தெரிந்தேதான் விட்டேன். அதற்குச் சோம்பேறித்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் வெடிச்சத்தம் கேட்டபோது, பக்கத்து ஊர்க் கண்மாய்க் கரையில் நின்றிருந்தேன். அக்காவின் கம்பெனி இருக்கும் திசையில் புகை எழுந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். அது பெட்டிக்குள் கிடக்கும் என்று தெரிந்தும் மூன்று முறை போட்டேன். பிறகு ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். டிரைவர் இடம் கேட்டதும் அந்தப் பழைய புள்ளியையே அனுப்பினேன். நல்லவேளை, இடம் என்னிடம் இருக்கிறது என்று ஒரு தைரியம்கூட வந்தது. இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பைக்கில் பாதி தூரம் போவதற்குள் டிரைவர் கூப்பிட்டார்.

"நீங்க அனுப்புன எடத்துலதான் நிக்கேன். இங்கன ஆளே இல்லையே. ஒரு பெட்டி நெறைய போனு அடிச்சுக்கிட்டே கெடக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எடுக்க வேண்டியவர்கள் எல்லாரும் ஓடைக்கு அந்தப் பக்கம்.

"அண்ணே, அது ஆபீசு வாசல். வண்டியத் திருப்புங்க. ஆமத்தூர்ப் பக்கம் ஒரு மண்பாத பிரியும், அதுல வாங்க."

"எங்கன பிரியுது? அந்த எடத்த அனுப்புங்க."

அது என்னிடம் இல்லை. வேலிக்கருவை என்றேன், மொட்டைக் கிணறு என்றேன். அந்தக் காட்டில் எங்கே பார்த்தாலும் வேலிக்கருவைதான். கடைசியில் நானே அந்தப் பிரிவுக்குப் போய் நடுரோட்டில் நின்று கையை ஆட்டினேன். சாமி, சாமி என்று தொண்டை கிழியக் கத்தினேன். வண்டி வந்து சேர இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது.

அக்கா பிழைத்தாள். இரண்டு கையும் வெந்துபோயிருந்தன. அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த பெண் அதே வண்டியில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அக்காவின் கண் முன்னாலேயே இறந்துபோனாள்.

அந்த மாதம் முழுக்க நான்தான் அக்காவுக்கு ஊட்டிவிட்டேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எந்தம்பிதான் ஆம்புலன்சுக்குச் சொன்னான். இல்லன்னா நானும் போயிருப்பேன்" என்றாள். அவர்கள் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். நான் தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி வெளியே போய்விடுவேன்.

ஒரு மத்தியானம் ரசம் ஊற்றிப் பிசைந்த சோற்றை அவள் வாயருகே கொண்டுபோனேன். வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தாள்.

"ஏலே, வண்டி கொஞ்சம் வெரசா வந்திருந்தா அவளும் பொழச்சிருப்பால்ல? அம்புட்டு நேரம் எங்கன நின்னுச்சாம்?"

"தெரியலக்கா" என்றேன். "சோறு ஆறுது, சாப்பிடு."

அவள் வாயைத் திறந்தாள்.