உன் நிரையை முடித்தாயா, யமுனா?

போன செவ்வாய்க்கிழமை என் வகுப்பில் ஒரு போட்டி நடந்தது. அதில் யாரும் ஜெயிக்கவில்லை. யாரும் தோற்கவுமில்லை. நடத்தியவள் மட்டும்தான் தோற்றாள்.

நடத்தியவள் நான்.

இந்தப் பக்கத்துக்கு இன்றுதான் வருகிறீர்களா? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையூர் தானா ராத்தாவில் ஒரு சின்னக் கல்லூரியில், கடைசி ஆண்டு மாணவர்களை வேலைக்குத் தயார்ப்படுத்துவது என் பிழைப்பு. பாடப் புத்தகம் கிடையாது. கண்ணைப் பார்த்துப் பேசுவது, குழுவாக இயங்குவது, கோபக்கார வாடிக்கையாளரைச் சமாளிப்பது... எல்லாமே விளையாட்டுகள்தான். பக்கத்து வகுப்பு விரிவுரையாளர் என் அறையைத் தாண்டும்போதெல்லாம் "இன்னிக்கு என்ன, நொண்டியா, கண்ணாமூச்சியா?" என்று விசாரித்துவிட்டுத்தான் போவார்.

செவ்வாய்க்கிழமை விளையாட்டு ரொம்ப எளிது. நான்கு குழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டு பழைய பேப்பர், ஒரு சுருள் டேப். கால் மணி நேரத்தில் யார் உயரமான கோபுரம் கட்டுகிறார்களோ, அவர்களுக்கு ஒரு பெட்டி சாக்லேட். போட்டி மனப்பான்மை வளர வேண்டும் என்பது திட்டம்.

யமுனாவின் குழு முதலில் கட்டி முடித்தது. கோபுரம் கூரை விசிறியைத் தொட்டுவிடும் போல நின்றது. சபாஷ் என்று வெள்ளைப் பலகையில் அவர்கள் பெயரை எழுதத் திரும்பினேன். எழுதிவிட்டுப் பார்த்தால்... அந்த மேசையில் ஆளே இல்லை! மொத்தக் குழுவும் அடுத்த மேசையில். சாய்ந்துகொண்டிருந்த எதிரணிக் கோபுரத்தைத் தாங்கிப் பிடித்து, தங்கள் டேப்பையே கிழித்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதை முடித்து அதற்கடுத்த மேசை. மணி அடித்தபோது நான்கு கோபுரமும் ஏறக்குறைய ஒரே உயரம்.

"யாருப்பா ஜெயிச்சது?" என்றேன்.

"முடிஞ்சிருச்சி மிஸ்" என்றாள் யமுனா, கையைத் தட்டியபடி.

"என்ன முடிஞ்சிருச்சி?"

"எல்லாருக்கும் முடிஞ்சிருச்சிலா!"

சாக்லேட் பெட்டி என் கையிலிருந்து எப்போது போனது என்று இன்னும் தெரியவில்லை. எனக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். ஆனால் நானும் இவர்களைப் போலத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைதானே? அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை, அதாவது ஒரு வரிசை செடி. தன் நிரையில் கொழுந்து வெட்டி முடித்தவர் உட்கார்ந்து வெற்றிலை போடுவதில்லை. பக்கத்து நிரையின் மறுமுனையில் இறங்கி எதிரே வெட்டிக்கொண்டு வருவார். இரண்டு பேரும் நடுவில் சந்திப்பார்கள். கடைசி ஆளின் சாக்கு ஏறாமல் லோரி நகராது; அதனால் முந்தி முடித்து யாருக்கும் ஒரு லாபமுமில்லை. இந்தக் கணக்கு இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தராமலே வந்துவிட்டது.

அழகான பழக்கம். ஆனால் நேர்முகத் தேர்வு தேயிலைக் காடு இல்லையே! யமுனாவை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

காரணம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவளுக்கு ஊரிலேயே ஒரு ஹோட்டலில் குழு நேர்முகத் தேர்வு. வரவேற்பு மேசை வேலை. ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள், இருப்பது ஒரே இடம். இது அவளுக்கு மூன்றாவது தேர்வு. முதல் இரண்டிலும், மற்றவர்கள் பேசட்டும் என்று காத்திருந்தே வாய் திறக்காமல் வந்துவிட்டாள். இதுவும் போனால் தூரத்து ஜொகூர்தான்; அங்கே இருக்கும் அவள் மாமா ஒரு பேக்டரி விடுதியில் கட்டில் சொல்லி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பஸ்.

பேக்டரி வேலை கேவலமா என்ன? இல்லவே இல்லை. ஆனால் யமுனா மூன்று வருடம் படித்தது ஹோட்டல் துறை. தேர்வுக்கு முந்தின வாரம் என்னிடம் வந்து, "மிஸ், எனக்கு இங்கதான் வேணும். வர்ற ஆளுங்கள ஒக்கார வச்சுப் பேசுற வேல. மெஷின்கூட என்னத்த மிஸ் பேசுறது?" என்று கேட்டாள். என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே புதன்கிழமை வகுப்பில் கோபுரம் கிடையாது. பந்து. வட்டமாக நாற்காலி போட்டேன். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். பேச வேண்டுமென்றால் பிடுங்க வேண்டும், மரியாதையாக, சிரித்த முகத்தோடு.

பந்து யமுனாவிடம் வந்தது. அவள் அதை அப்படியே பக்கத்து நாற்காலிக் கிஷோரிடம் கொடுத்துவிட்டாள்.

"ஏன் கொடுத்த?"

"பாவம் மிஸ், அவன் இன்னும் பேசவே இல்ல."

"நீயும்தான் பேசல!"

"நான் அப்புறம் பேசிக்கிறேன் மிஸ்."

அந்த 'அப்புறம்' எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். ஜொகூர் பஸ்ஸில் ஏறிய பிறகு.

பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மாதிரி நேர்முகத் தேர்வுக்குத் தாவினேன். நான்தான் மேனேஜர். கழுத்தில் ஒரு ஸ்கார்ப், முகத்தில் ஒரு கடுகடுப்பு. எதிரே யமுனாவும் கிஷோரும். "உங்களை ஏன் நாங்கள் வேலைக்கு எடுக்க வேண்டும்?" என்று யமுனாவைக் கேட்டேன். "நல்லா பேசுவேன்" என்று ஆரம்பித்தவள், "ஆனா கிஷோருக்கு கம்ப்யூட்டர் நல்லா வரும் மேடம். கணக்கும் வரும்" என்று முடித்தாள்.

அடுத்துக் கிஷோரின் முறை. அவன் ஒரு வார்த்தைக்குத் திணறினான். யமுனா வாய்க்குள்ளேயே எடுத்துக் கொடுத்தாள். இன்னொரு வார்த்தை. மறுபடியும் எடுத்துக் கொடுத்தாள். கிஷோர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"ஏய் யமுனா! ஒன் நெரய அப்படியே போட்டுட்டு என் நெரையில ஒனக்கு என்னலா வேல? கங்காணி பாத்தா விட்டுருவாரா?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஸ்கார்ப்பைக் கழற்றினேன்.

"கொஞ்சம் இரு. யமுனா, தோட்டத்துல ஒங்கம்மா தன் நெரய முடிக்காம அடுத்த ஆளு நெரைக்குப் போவாங்களா?"

"அய்யோ, எப்படி மிஸ் போவாங்க? அது பாதியில நின்னுருமே. அப்புறம் அவங்களுக்கு வேற ஆளு வரணும், எல்லாருக்கும் லேட்டாயிரும்."

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"அலாமா, அய்யய்யோ..." என்றாள் மெதுவாக.

நான் எத்தனை விளையாட்டு கண்டுபிடித்திருப்பேன்! எதிலும் ஏறாதது, கிஷோரின் ஒரு நக்கலில் ஏறிவிட்டது. வியாழக்கிழமை முழுக்க அதே ஒத்திகைதான். யமுனா வேறு யார் பக்கமாவது திரும்பும்போதெல்லாம் வகுப்பே சேர்ந்து "நெர! நெர!" என்று கத்தும். பக்கத்து வகுப்பு விரிவுரையாளர் எட்டிப் பார்த்து, கைகூப்பிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவளை என் காடியிலேயே உட்கார வைத்து ஓட்டிக்கொண்டுபோய் இறக்கினேன். ஆசிரியர் அப்படிச் செய்யலாமா? தெரியாது. வீட்டில் உட்கார்ந்து நகம் கடிப்பதைவிட ஹோட்டல் பார்க்கிங்கில் உட்கார்ந்து கடிப்பது மேல் என்று பட்டது. வேகவைத்த சோளம் ஒன்று வாங்கினேன். அது தீர்ந்து, இன்னொன்று வாங்கினேன். பனி இறங்கி, எதிரே இருந்த ஹோட்டலே மறைந்துபோனது. அதற்குள்ளிருந்துதான் யமுனா வந்தாள், கூட ஓர் இளைஞன். அவன் அவளிடம் ஏதோ கெஞ்சிக் கேட்டுவிட்டுப் பஸ் ஸ்டேஷன் பக்கம் ஓடினான்.

"சொல்லு! வாயத் தொறந்தியா?"

"மொத ஆளா தொறந்துட்டேன் மிஸ்!"

கேள்வி இதுதானாம். சுற்றுலா பஸ் சீக்கிரமே வந்துவிட்டது, அறைகள் தயாரில்லை, எல்லோரும் குளிரில் நிற்கிறார்கள். என்ன செய்வீர்கள்? ஆறு பேரும் கலந்து பேச வேண்டும். யமுனா முந்திக்கொண்டாள். சூடாகத் தேநீர், வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் முதல் அறைகள், பெட்டிகளை வைக்க ஓர் இடம், எவ்வளவு நேரமாகும் என்று பொய் சொல்லாமல் ஓர் அறிவிப்பு. கோர்வையாகச் சொல்லி முடித்தாளாம்.

"முடிச்சேன் மிஸ். முழுசா முடிச்சேன்."

"சபாஷ். அப்புறம்?"

அவள் தலையைச் சொறிந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"யாரோட நெரைக்குப் போன?"

கம்போங் ராஜாவிலிருந்து வந்த சுரேனாம். அந்த இளைஞன்தான். இங்கிலீஷில் ஆரம்பித்து நடுவில் அப்படியே நின்றுவிட்டான். தேர்வாளர்கள் மூன்று பேரும் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

"பாக்க முடியல மிஸ். வெளிய ஒக்காந்திருக்கும்போது அவங்கப்பா டூர் பஸ் ஓட்டுறாருன்னு சொன்னான். அதான், 'நீங்க டிரைவரப் பத்திச் சொல்ல வந்தீங்கல்ல?'ன்னு கேட்டேன். அவ்ளோதான்! டிரைவர் எங்க தூங்குறது, பஸ்ஸ எங்க திருப்புறது... பிச்சு ஒதறிட்டான். நாங்க யாருமே யோசிக்காதது மிஸ்!"

நான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். ஒரே இடம். அதற்குப் போட்டியாளனை இவளே கை கொடுத்துத் தூக்கி விட்டிருக்கிறாள்!

"கடைசியா ஒரு கேள்வி கேட்டாங்க மிஸ். 'உங்களுக்குக் கெடைக்கலன்னா, இந்த ரூம்ல யாருக்கு இந்த வேலயக் குடுக்கலாம்?'னு. நாலு பேரு என் பேரச் சொன்னாங்க."

தலை தானாக நிமிர்ந்தது. "உன்னத் தவிர அஞ்சு பேராச்சே? சொல்லாத அந்த மகராசன் யாரு?"

"சுரேன்."

"என்னது!"

யமுனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பதட்டத்துல என் பேரு மறந்துபோச்சாம் மிஸ். அவனுக்குத் தெரிஞ்ச ஒரே பேரு, தன் பேரயே சொல்லிட்டான். அதான் இப்ப வெளிய வந்து சாரி சாரின்னான்."

"நீ யாரச் சொன்ன?"

"சுரேனத்தான்."

நியாயமாக எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். சோளம்தான் விக்கியது.

மாலையில் அவள் என்னோடு கல்லூரியில் இருந்தபோதே தொலைபேசி வந்தது. வேலை யமுனாவுக்கு. தன் அம்மாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அப்ப ஜொகூருக்குப் போன் போட்டுக் கட்டிலு வேணாம்னு சொல்லிறவா?" யமுனா போனை எனக்குக் கொடுத்தாள். "சொல்லிருங்கம்மா" என்றேன். "நல்லாச் சத்தமாச் சொல்லுங்க."

இதைப் படித்துவிட்டு, போட்டியாளருக்கு உதவினால் வேலை கிடைக்கும் என்று யாரும் புறப்பட்டுவிடாதீர்கள். எல்லா ஹோட்டலிலும் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். கேட்காமல் போயிருந்தால்? ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நானும் சும்மா கையாட்டியிருப்பேன். முதல் இரண்டு தேர்விலும் இவள் இதே நல்ல பெண்தானே? நல்லவளாக இருந்தாள், பேசாமல் இருந்தாள், வீட்டுக்கு வந்தாள். இந்தத் தடவை தன் நிரையை முடித்துவிட்டு அடுத்த நிரையில் இறங்கினாள். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வரிசை மாறினால் எல்லாமே மாறிவிடுகிறது.

நம் பிள்ளைகளிடம் 'முந்திக்கோ, பிடுங்கிக்கோ' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கு ஏற்கெனவே வந்த நல்ல பழக்கத்தைப் பிடுங்கித்தான் இன்னொன்றை நட வேண்டுமா என்ன? நானே அப்படித்தான் ஆரம்பித்தேன். பந்து விளையாட்டில் இப்போது விதியை மாற்றிவிட்டேன். பந்தை வாங்கி, பேசி முடித்து, பிறகு பேசாதவரைப் பார்த்துக் கொடுத்தால்தான் முழு மதிப்பெண். கிஷோர் இதிலும் ஏமாற்றுகிறான். அது வேறு கதை.

திங்கட்கிழமையிலிருந்து யமுனா வரவேற்பு மேசையில். மலைக்கு வந்தால் போய்ப் பாருங்கள். அவள் இடத்தில் ஆளைக் காணோமென்றால் பதற வேண்டாம்... பக்கத்துக் கவுன்ட்டரில் இருப்பாள்!