விலை ஏறிய வாரத்தில் ஒரு ஸ்தோத்திரச் சீட்டு

ஆரியங்கோட்டு ஜெயனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை இந்த வட்டாரத்தில் விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்காது. பத்து வயதில் இடிச் சத்தத்துக்கு மேசைக்கடியில் ஒளிந்தவர், ஐம்பத்திரண்டு வயதில் போன் மணி அடித்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். சிரிக்காதீர்கள். காரணம் இல்லாமல் இல்லை.

அவர் மனைவி ஷீனா வளைகுடாவில் ஒரு சின்ன நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ். போய்ப் பதினேழு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். ஜெயனுக்கு இங்கே ஒரு ஏக்கர் ரப்பர். அதில் பாதி, பால் வற்றிப்போன கிழட்டு மரங்கள். முப்பது வருஷமாக அவரே விடியற்காலையில் பால் வெட்டுகிறார். அதில் வருவது உப்புக்கும் புளிக்கும் காணாது. பெங்களூரில் மகள் படிப்பதும் வீட்டில் அடுப்பு எரிவதும் ஷீனாவின் வேலையை நம்பித்தான்.

அது எண்ணெய் விற்றுப் பிழைக்கிற நாடு. ஆகவே அன்றைய எண்ணெய் விலையைப் பார்க்காமல் ஜெயனுக்குக் கட்டன்சாயா தொண்டையில் இறங்காது. வருஷ ஆரம்பத்தில் ஒரு செய்தி வந்தது: அங்கே எண்ணெய் உற்பத்தி குறைந்து, அரசாங்கத்தின் வருமானம் விழுந்துவிட்டது, ஆஸ்பத்திரிகளில் வெளிநாட்டவரைக் குறைக்கப் போகிறார்கள். ஷீனாவின் ஒப்பந்தம் முடிய இரண்டே மாதம் இருந்தது. அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. பால் வெட்டும்போது கத்தி பட்டையைத் தாண்டி மரத்தின் தடிவரை பாய்ந்தது.

"என்ன ஆச்சு பிள்ளே, வல்லதும் சொன்னாங்களா?" என்று ஒப்பந்தத்தைப் பற்றித் தினமும் போனில் கேட்பார்.

"பேடிக்காதீங்க அத்தான். எல்லாம் சரியாவும்," என்பாள் ஷீனா. பயப்படாதே என்கிற அந்த ஒரு பதில்தான் பதினேழு வருஷமாக.

அப்புறம் ஒரு வாரத்தில் எண்ணெய் விலை கிடுகிடுவென்று ஏறியது. ரப்பர் ஷீட் வாங்குகிற செல்லையன் கடையிலிருந்தே கூப்பிட்டார்: "எலே ஜெயா, எண்ணெ விலை கேறிப்போச்சு கேட்டியா! இனி அந்த ராச்சியத்துக்கு என்னலே குறை? உனக்க பெண்டாட்டிக்க வேலைய எவன் எடுப்பான்?"

ஜெயனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேரே சபைக்குப் போனார். அவர்கள் சபையில் ஒரு வழக்கம். நன்மை கிடைத்தவர் காணிக்கைக் கவரில் நன்றி சொல்லி ஸ்தோத்திரச் சீட்டு எழுதி வைத்தால், ஞாயிற்றுக்கிழமை போதகர் வாசிப்பார். இன்னும் கிடைக்காதவர் ஜெபக் குறிப்பு எழுத வேண்டும். ஜெபக் குறிப்பு எழுதினால் விசுவாசக் குறைவு என்று ஆண்டவர் நினைத்துக்கொள்வாரோ? அதற்கும் ஒரு பயம்! முன்கூட்டியே நன்றி சொல்லிவிட்டால் அவர் தட்ட மாட்டார் என்று, ஸ்தோத்திரச் சீட்டாகவே எழுதிப் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் வாசித்தார்: "சகோதரி ஷீனா ஜெயன், வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதற்காக ஸ்தோத்திரம்." சபை முழுக்க ஆமென் சொன்னது. முன்வரிசையிலிருந்து பாடகர் குழு சத்தியபாய் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஐந்து நிமிஷத்தில் ஜெயனின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஷீனா! வாசல் முகப்புக்கு ஓடினார்.

"யாருகிட்ட கேட்டிட்டு அந்தச் சீட்டு எழுதிக் குடுத்திய?"

வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக ஆராதனையை யூடியூபில் நேரலையாகக் காட்டுவதை ஜெயன் மறந்தே போயிருந்தார்.

"விலை கேறிச்சே மக்கா..."

"விலை கேறி என்ன? இங்க எண்ணெக் கெணறு வத்துது அத்தான். எடுக்கிய எண்ணெ வருஷா வருஷம் குறையுது. கூடின விலைக்கு விக்க சரக்கு வேண்டாமா? நம்ம கெழட்டு மரங்க மாதிரி ஆக்கும். ரப்பருக்கு விலை கேறின வருஷம் அதுல நமக்கு என்ன கிட்டிச்சு?"

ரப்பர் வெட்டுகிறவருக்கு இது தெரியாதா? தெரியும். பயந்து கிடந்தவர் காதில் நல்ல சேதி விழுந்ததும் மற்றதெல்லாம் மறந்துபோனது.

"ஆளக் குறைக்கிய பட்டியல் வந்து பதினெட்டு நாளாச்சு. என் பேரும் உண்டு. நீங்க பேடிச்சே செத்துருவியளேன்னு சொல்லேல்ல. இப்ப அந்தச் சீட்டக் கேட்டிட்டு, இங்க உள்ள நம்ம ஊருப் பிள்ளைகளெல்லாம் 'சேச்சி, அப்போ எங்களுக்கும் புதுக்குவாங்க இல்லியா'ன்னு கேட்டு அனுப்புதுவ. நான் என்னத்தச் சொல்ல?" அவள் விம்மினாள். "எனக்குப் பேடியா இருக்கு அத்தான்."

பதினேழு வருஷத்தில் ஷீனா அப்படிச் சொன்னதே இல்லை. அது எப்போதும் ஜெயன் சொல்கிற பேச்சு.

"பேடிக்காதே பிள்ளே. எல்லாம் சரியாவும்," என்றார். சொல்லும்போது அவர் பல் தந்தியடித்தது. இவ்வளவு நாளும் அவளும் இப்படி நடுங்கிக்கொண்டேதான் சொல்லியிருப்பாள் என்று அப்போது பட்டது. ஐயோ, இந்தப் பாவியிடம் அவள் எதைச் சொல்லி அழுதிருக்க முடியும்!

போனை அணைக்காமலே உள்ளே போனார். காணிக்கைப் பாட்டு முடிந்திருந்தது. நடுப்பாதையில் நடந்து போதகரிடம் போய் மைக்கைக் கேட்டு வாங்கினார். தூணில் கட்டிய கேமராவைப் பார்த்தார்.

"நான் எழுதினது பொய். பேடிச்சு எழுதினது. எனக்க ஷீனாவுக்கு வேலை போச்சு. எல்லாரும் ஜெபிக்கணும்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. பிறகு சத்தியபாயின் பையில் போன் அதிர்ந்தது. அவள் மகளும் ஷீனா இருக்கிற நாட்டில்தான் நர்ஸ்; நேரலை பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். சத்தியபாய் எடுப்பதற்குள் பின்வரிசையில் இன்னொரு போன் அதிர்ந்தது.