ஆடாம அசையாம

பூம்பாறையில் வெள்ளைப்பூண்டு விவசாயம் செய்யும் மகாதேவிக்கு ஏழு வயதிலிருந்தே கழுத்து தானாக வலப்பக்கம் வெட்டி இழுக்கும். அடக்கினால் சற்று நேரம் அடங்கும். பிறகு வந்தே தீரும். நாற்பது வயதில் கழுத்துவலி தாங்கமுடியாமல் போகவே, கணவர் பழனிக்குமார் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். மூளையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

"இருபது நிமிஷம் ஆடாம அசையாமப் படுத்திருக்கணும்மா," என்றார் ஸ்கேன் எடுக்கும் பெண்.

"அது முடியாமத்தானங்க வந்திருக்கேன்."

இரண்டு முறை படம் கலங்கிப்போனது. மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தும்மலை அடக்குவதுபோல் கழுத்துக்குள் ஏதோ முட்டிக்கொண்டே இருந்தது. வெளியே வந்ததும் அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து உதறியதில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர்.

"அப்ப ஏன் சார் இழுக்குது?"

"வேண்டாத அசைவை மூளை உள்ளேயே தடுத்துரும். உங்களுக்கு அந்தத் தடுப்பு கொஞ்சம் தளர்வு. அது படத்துல தெரியாதும்மா. நீங்க அடக்குறதும் அதே மூளையை வச்சுத்தான். அதுக்கும் அலுத்துப்போகும். மாத்திரை குறைக்கும், முழுசா நிக்கும்னு சொல்லமுடியாது."

திரும்பும் பேருந்தில் வத்தலக்குண்டு வரை அடக்கிக்கொண்டே வந்தாள். கண்ணில் நீர் கோத்தது.

"விட்டுரு புள்ள."

"எல்லாரும் பாக்குறாங்க."

பழனிக்குமார் தன் சால்வையை எடுத்து அவளைத் தலையோடு போர்த்திவிட்டார். சால்வைக்குள் அவள் கழுத்து வெட்டி வெட்டி இழுத்தது. மலையேறி முடியும்வரை அவர் சால்வை ஆடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.