என் தோள் உயரத்தில் ஒரு சுவிட்ச் பெட்டி

கரண்டைக் கண்டு நான் பயந்ததில்லை. கரண்டைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டரைக் கண்டும் பயந்ததில்லை. என் வீட்டுக்காரர் இரண்டுக்கும் பயப்படுவார். எங்கள் குடும்பம் பிழைத்ததற்கு அவருடைய பயமும் வேண்டியிருந்தது, என் வாயும் வேண்டியிருந்தது.

ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். ரப்பரை வாங்க ஆளில்லை, ஆலை நின்றது. அந்த ஆலையில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சும்மா உட்கார்ந்தார். சும்மா இருக்கிற ஆண்பிள்ளையைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகிற காலம் அது. எங்கள் லயத்து வீடுகளிலிருந்து போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. என்ன வேலை என்று கேட்டால் எடுத்து நீட்ட அவருக்கு ஒரு சீட்டு வேண்டும். எனக்கு அந்த ஒரு நினைப்புதான்.

மாவு மில் போடலாம் என்று சொன்னது நான்தான். அரிசி கண்ணில் படாத நாட்கள், ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்றது. காய்ந்த கிழங்கை உரலில் இடித்து இடித்துப் பெண்களின் கை காய்த்துப் போயிருந்தது. பீடோங் கடைத்தெருவில் கரண்டு உண்டு. தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியிடம் கெஞ்சி, ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த மோட்டாரை இரவல் வாங்கி, தெருக்கோடியில் ஒரு பலகைக் கடையில் இறக்கினோம். கரண்ட் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரி என்று எழுதினால் மில் ஓடும். மில் ஓடினால் என் வீட்டுக்காரருக்கு மில் தொழிலாளி என்று சீட்டு. சீட்டு உள்ளவனைப் பிடிக்க மாட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம்.

இன்ஸ்பெக்டர் தமிழர்தான். வெள்ளைக்காரன் காலத்திலும் அதே வேலையில் இருந்தவர். கொடி மாறியது, அவருடைய காக்கிக் கால்சட்டையின் மடிப்பு மாறவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று யாரோ இவரைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மெயின் சுவிட்சின் இரும்புப் பெட்டியை ரப்பர் மரப் பலகையில் பொருத்தியிருந்தோம். அதுவும் என் யோசனை. ரப்பர் செருப்பு போட்டவனைக் கரண்டு ஒன்றும் செய்யாது என்று ஆலையில் எல்லோரும் சொல்வார்கள். ரப்பரே தடுக்கும் என்றால் ரப்பருக்குப் பால் கொடுக்கிற மரம் தடுக்காதா?

"இது என்ன பலகை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரப்பர் மரம் ஐயா. ஷாக்கே அடிக்காது லா."

அவர் சிரிக்கவில்லை. பலகையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பொலபொலவென்று கொட்டியது. உள்ளே முழுக்க வண்டு அரித்திருந்தது.

"மில்லு ஓடுறதுக்கு முன்னாடியே மாவு வருதேம்மா" என்றார். "மோட்டாரு ஆடுற ஆட்டத்துல இந்தப் பொட்டி கீழ விழுந்திடும். கெட்டி மரமா போடுங்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. கெட்டி மரத்துக்கு அந்தக் காலத்தில் எங்கே போவது? எங்கள் கட்டிலின் தலைப்பலகையைக் கழற்றினேன்.

"படுக்கிற கட்டிலையா உடைக்கிறே?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க சயாமுக்குப் போயிட்டா இந்தக் கட்டில்ல யாரு படுக்கிறது?"

தலைப்பலகையை அவரே அறுத்துச் சுவரில் அடித்தார். பெட்டியைத் தன் கண்ணுக்கு நேராகப் பொருத்தினார். அவர் நல்ல உயரம்.

இரண்டாம் முறை வந்த இன்ஸ்பெக்டர் பலகையைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். நான் மனதுக்குள் தேங்காய் உடைத்துவிட்டேன். அதற்குள் என் பக்கம் திரும்பினார்.

"நீயும் இங்க வேலை செய்வியா?"

"அவரு மெஷினு பார்ப்பாரு. நான் கிழங்கு கொட்டுவேன்."

"சுவிட்ச ஆப் பண்ணு, பார்ப்போம்."

எம்பினேன். எட்டவில்லை. ஓரத்தில் கிடந்த மண்ணெண்ணெய்த் தகரத்தை இழுத்தேன்.

"தகரத்து மேல ஏறக்கூடாது. தரையில நின்னு எட்டணும். பொட்டியைக் கீழ இறக்குங்க."

"மெஷினு ஓட்டுறது அவரு. அவருக்கு எட்டினா போதாதா?"

"உன் சேலை பெல்ட்டுல மாட்டினா தகரத்தைத் தேடிக்கிட்டு இருப்பியா?"

"அவரு ஆப் பண்ணுவாரு."

"அவரு இல்லாட்டி?"

அந்த வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. "ஏன் இல்லாம போறாரு? அவரு இங்க இருக்கணும்னுதானே இவ்வளவு பாடும்!" என்று கத்தினேன். எதிர்க்கடைக்காரர்கள் வந்து நின்றார்கள். இன்ஸ்பெக்டர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "இறக்கிட்டுச் சொல்லி அனுப்புங்க" என்று போய்விட்டார். ஒவ்வொரு நாளும் லாரியில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இவருக்குப் பெட்டியின் உயரம்தான் கவலை என்று எனக்கு வயிறு எரிந்தது.

பெரிய ஆபீசுக்கே போய்ச் சண்டை போடுவேன் என்று நான் குதித்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் திருப்புளியை எடுத்தார். "எனக்குக் குனிஞ்சா எட்டும். உனக்கு எம்பினாலும் எட்டாது. பேசாம இங்க வந்து நில்லு" என்றார். என்னைச் சுவரோடு நிற்க வைத்து, என் தோளுக்கு நேராகக் கரியால் கோடு போட்டார். மூன்றாம் முறை இன்ஸ்பெக்டர் வந்தார். நான் முறைத்துக்கொண்டே சுவிட்சைப் போட்டு அணைத்துக் காட்டினேன். எழுதிக் கொடுத்தார். மில் ஓடியது, சீட்டும் வந்தது.

சில மாதங்கள் அந்தச் சீட்டு செல்லுபடியானது. பிறகு ஒருநாள் மெஷினுக்குப் பெல்ட் வாங்கச் சுங்கைப் பட்டாணிக்குப் போனவரைப் பசார் கடைவீதியில் வளைத்துவிட்டார்கள். சீட்டை எடுத்துக் காட்டினாராம். வாங்கிப் பார்த்தவன் திருப்பிக் கொடுக்கவேயில்லையாம், லாரியில் ஏற்றிவிட்டானாம். கூட நின்ற ஒருவர் வந்து சொன்னார்.

மறுநாள் காலையில் மில் வாசலில் பெண்கள் காய்ந்த கிழங்கோடு நின்றார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். கை நேராகச் சுவிட்சுக்குப் போனது. மில் ஓடியது. அன்றிலிருந்து நான்தான் மில்லுக்கு எல்லாம். ஒருமுறை என் முந்தானை பெல்ட்டில் மாட்டத்தான் செய்தது. எட்டி அணைத்துவிட்டேன், சேலை கிழிந்ததோடு போயிற்று. இன்ஸ்பெக்டரை வாயாரத் திட்டிக்கொண்டே கிழிந்த சேலையோடு உட்கார்ந்து அழுதேன்.

சண்டை முடிந்து, சயாமிலிருந்து திரும்பிய கொஞ்சம் பேரோடு அவரும் வந்து சேர்ந்தார். புண் வைத்து ஒரு கால் முழங்காலோடு போயிருந்தது. வந்த சில நாட்களிலேயே மில்லுக்கு வருகிறேன் என்று அடம்பிடித்தார். பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார வைத்தேன். கையை நீட்டி, உட்கார்ந்தபடியே சுவிட்சைப் போட்டார். பெல்ட் சுற்ற ஆரம்பித்தது.

"குனிஞ்சா எட்டும்னு சொன்னேன்" என்றார். "குனியவே வேண்டாம் போலிருக்கே."

வாயாடி என்று பேரெடுத்த நான் கிழங்குக் கூடையைத் தூக்கி மெஷினில் கொட்டினேன்.