படிக்கட்டுக்கு மேலே ஒரு வீடு

வீடுவீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் நிறுவனத்தில் எனக்கு வேலை. யார் எந்த வீட்டுக்குப் போவது என்று பிரித்துக் கொடுத்தவள் புவியியல் படித்தவள். இளையவர்கள் அவளை ‘மேப் அக்கா’ என்பார்கள். பல்கலைக்கழகத்தில் புவியியலை எடுத்தபோது, மலை எது மடு எது என்று தெரிந்துகொள்ள இத்தனை வருடமா என்று அவள் அண்ணன் கேலி செய்தாராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் போனபின் தனிக்கட்டை.

குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு தினமும் ஒருவர் போய்க் குளிப்பாட்டி, நடக்கவைக்க வேண்டும். அவள் வீடோ ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அங்கே நாங்கள் போவதில்லை. வண்டி சுற்றிப் போக நேரமாகும் என்று, நாங்கள் போகும் வீடுகளுக்கான எல்லைக் கோட்டை அப்படிப் போட்டவளே அவள்தான்.

மேலாளர் விலக்கு தருவதாகச் சொல்லியும் மறுத்துவிட்டாள். அண்ணன் போனில், “வரைஞ்சவ நீதானே, கொஞ்சம் தள்ளிப் போட்டா என்ன குடியா முழுகிடும்?” என்றார்.

“எனக்காக வளைச்சா அது வரைபடம் இல்லண்ணா, கிறுக்கல்.”

விடுமுறை நாளில் நான் போனேன். முதுகில் புண் தொடங்கியிருந்தது. துடைத்து, திருப்பிப் படுக்கவைத்தேன். எப்படி வந்தேன் என்று கேட்டாள். நடைமேம்பாலம் ஏறி நடந்து வந்ததாகச் சொன்னேன். எங்கே மூச்சு வாங்கியது, எங்கே நின்றேன் என்று துருவித் துருவிக் கேட்டாள்.

“நடந்து போற உங்களுக்கு வண்டி நேரத்தை வச்சுக் கோடு போட்டிருக்கேனே அக்கா. முதல் வருஷப் பாடம் இது.”

படுத்தபடியே மடிக்கணினியில் எல்லாவற்றையும் புதிதாக வரைந்தாள். நடக்கும் நேரம், ஏற்றம், எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்கு. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்கள் பல உள்ளே வந்தன. அவள் தெருக்கோடியில் செங்குத்தான படிக்கட்டு, அதற்கு மேலே அவள் வீடு. அந்த ஏற்றத்தைச் சேர்த்தால் நேரம் கணக்கைத் தாண்டியது; கோடு அதன் அடியில் நின்றுவிட்டது. கீழே இருந்த கண் தெரியாத பெரியவருக்கு ஆள் கிடைத்தது. மேலே இருந்த அவளுக்கு இல்லை.

இன்னும் ஒரே வீடுதானே என்றேன்.

“அடுத்த வீட்டுக்காரங்களும் அதையேதான் சொல்வாங்க.”

வாக்கரைப் பிடித்துத் தானே நடக்கப் பழகினாள். இரண்டு மடங்கு நாளானது. காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே அந்தப் பெரியவர் வீட்டுக் கதவை எங்கள் ஆள் தட்டும் சத்தத்துக்குக் காத்திருப்பாள். நான் போனால், “இன்னிக்கும் நேரத்துக்கு வந்துட்டாங்க” என்பாள். அன்றைக்கு அவள் பேசும் முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும், குரல் கரகரத்திருக்கும்.