கிட்டார் ஆம்ப்பும் வாசிக்கப்படாத பெயரும்

வால்வு ஆம்ப், அதாவது கண்ணாடிக் குழாய் வைத்த பழைய பாணி ஒலிபெருக்கி, தொழிற்சங்கக்காரன் மாதிரி. சூடேறாமல் பேசாது, சூடேறிய பிறகு கை வைத்தால் சுட்டுவிடும்.

கிட்டார் ஆம்ப்போடு மாரடிக்கும் தோழர்களே, முதலில் எனக்கு நடந்த அநியாயங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று: ராஜபாளையம் பஞ்சாலை வாசலில் கொடுத்த துண்டறிக்கையை எழுதியவன் நான், அடியில் அச்சானது தலைவர் பெயர். இரண்டு: பேச்சுவார்த்தையில் மேசையைத் தட்டியவன் நான், மாலை போடக் கூப்பிட்டது மற்றவர்களை. மூன்று: வெற்றிக் கூட்டத்துக்கு மைக் செட் ஓட்டியவன் நான்; மேடையில் நன்றி சொன்னது டீக்கடைக்கு. நான்கு: வேலைநீக்க அறிவிப்பில் மட்டும் என் பெயர் முதலில் இருந்தது, இனிஷியல்கூடத் தப்பில்லாமல்.

நான் படித்ததெல்லாம் துண்டறிக்கைதான். மிச்சத்தைச் சாலிடரிங் கம்பி சொல்லிக்கொடுத்தது. அந்தக் கூட்ட மைக் செட்டையே பிரித்து, அதன் வால்வுகளை வைத்து ஒரு கிட்டார் ஆம்ப் கட்டினேன். கச்சேரிக் குழுக்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். ஆம்ப்பை மட்டும் தருவதில்லை, கூடவே நானும் போவேன். மற்ற நேரம் என் ரிப்பேர் கடையில் நானும் அதுவும்தான்.

கொசு

சுந்தரபாண்டியத்திலிருந்து ஒருவர் டிஸ்டார்ஷன் பெடலோடு வந்தார். காலால் அமுக்கினால் கிட்டாரைக் கரகரக்க வைக்கிற சின்னப் பெட்டி. "கொசு கத்துற மாதிரியே இருக்கு" என்றார். பார்த்தால் பெடலில் கரகரப்பு முழுசாகத் திறந்திருக்கிறது, ஆம்ப்பின் வால்யூம் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. நம்மில் பாதிப் பேர் செய்கிற தப்பு இது. வால்வை மூச்சு வாங்க வைக்க வேண்டும், பெடல் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

பெடலைக் குறைத்து ஆம்ப்பைத் திறந்தேன். கம்பிகளைச் சேர்த்து மீட்டி ஒரே ஒரு கார்டு. சுவரில் காலண்டர் ஆடியது. மனிதர் கண்ணை மூடிக் கேட்டார், பிறகு யோசித்தார். "சத்தம் அம்புட்டும் தேனா இனிக்குது அண்ணாச்சி. ஆனா எங்க வீடு சின்னது, அவ விட மாட்டா. அந்தக் கொசுவையே திருப்பி வச்சுக் குடுத்துருங்க."

கேட்க ஆள்

நல்ல சத்தம் வேண்டுமென்றால் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தள்ளி நின்று கேட்க வேண்டும். ஆம்ப்பை ஒட்டி நிற்பவன் காதுக்கு எதுவுமே உண்மை சொல்லாது. என் கடையில் இருப்பது ஒரே ஆள். கம்பியை மீட்டிவிட்டு வாசலுக்கு ஓடுவேன். நான் போய்ச் சேர்வதற்குள் சத்தம் செத்துவிடும்.

ஒருநாள் பக்கத்துக் கடை டெய்லரைக் கெஞ்சிக் கூப்பிட்டேன். கிட்டாரை மடியில் வைத்து, சும்மா கம்பியை இழுத்தால் போதும் என்றேன். இழுத்தார். தெரு முனையில் போய் நின்று கேட்டேன். அப்படியொரு சத்தம்! பல மாதம் தேடியது கிடைத்துவிட்டது. ஓடி வந்து "எப்படி இருந்துச்சு?" என்றேன். "எனக்கு எல்லாமே மிசின் சத்தந்தான் அண்ணாச்சி. செத்த நேரம்னு கூப்பிட்டீக, கடையில சட்டை அப்படியே கெடக்கு."

நடு

ஸ்டெல்லா மம்சாபுரத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார், முகூர்த்த நாளில் கச்சேரிக் குழுவில் கிட்டார். வீட்டில் பட்டுப்போல இருக்கிற சத்தம் சர்ச்சில் காணாமல் போகிறது என்றார். அடிச்சத்தத்துக்கான பேஸையும் கீச்சுச் சத்தத்துக்கான டிரெபிளையும் ஏற்றி, நடுவில் இருக்கிற மிடில் குமிழை அடியோடு மூடியிருந்தார்.

தனியாக இனிக்கிற சத்தம் கூட்டத்தில் கரைந்துவிடும், மிடிலைத் திறங்கள் என்றேன். திறந்தால் தனியாகக் கேட்க மூக்கால் பேசுவது மாதிரி இருக்கும். டிரம்ஸும் கீபோர்டும் சேரும்போது அதுதான் நிற்கும். அடுத்த வாரம் வந்து சொன்னார்: "இப்ப நல்லாக் கேக்குது அண்ணாச்சி. என்ன, தப்பா வாசிச்சதும் கேட்டுருச்சு. பாஸ்டர் திரும்பிப் பாத்துட்டாரு."

கிழிந்த ஸ்பீக்கர்

ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். ஸ்டெல்லா பெடலை மிதித்ததும் ஆம்ப் அழகாக உறுமியது. பெண்ணின் மாமா, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று மீசையோடு மேடை ஏறி வந்தார். இது வேண்டுமென்றே வரவழைக்கிற கரகரப்பு என்று துண்டறிக்கை பாணியில் விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார். "கிழிஞ்ச ஸ்பீக்கருக்கு இம்புட்டுப் பேச்சா? பட்டாளத்துல வயர்லெஸ் பாத்த ஆளுவே நான்!"

ஸ்டாண்ட்பை

கச்சேரியில் கலைஞர்கள் பெயரை வாசிப்பது வழக்கம். என் பெயரையும் வாசியுங்கள் என்று குழுத் தலைவர் முருகேசனிடம் வருஷக்கணக்காகக் கேட்டு வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வரவேற்பு. "இன்னைக்குக் கட்டாயம் அண்ணாச்சி" என்று கையைப் பிடித்துச் சொன்னார். மாலை, மைக்கில் வாசித்தார்: பாடகர்கள், கீபோர்டு, டிரம்ஸ், தபலா, ஸ்டெல்லா. வேன் டிரைவரைக்கூட வாசித்தார். அதோடு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

வால்வு ஆம்ப்பில் ஸ்டாண்ட்பை என்று ஒரு சுவிட்ச் உண்டு. தட்டினால் வால்வு சூடாகவே இருக்கும், சத்தம் மட்டும் வராது. நம் மொழியில் உள்ளிருப்புப் போராட்டம். தட்டினேன்.

கிட்டார் நின்றது. கூட்டத்தில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. கிட்டாருக்கு உண்டான இடத்தைக் கீபோர்டுக்காரர் தன் பெட்டியிலிருந்த கிட்டார் சத்தத்தாலேயே வாசித்து நிரப்பினார். கை தட்டினார்கள். என் வேலைநிறுத்தம் எனக்கு மட்டுமே தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் ஸ்டெல்லா வந்தார். ஆம்ப்பில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தார்.

"பியூஸா அண்ணாச்சி?"

"இல்ல. போராட்டம்."

"கோரிக்கை?"

"பேரு வாசிக்கணும்."

சிரித்துக்கொண்டே மைக் பக்கம் போனவர், பாதியில் நின்று திரும்பினார். சிரிப்பு போயிருந்தது. "அண்ணாச்சி... உங்க பேரு என்ன?"

இத்தனை முகூர்த்தத்துக்குப் பிறகு! சொன்னேன். பாட்டுத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். அதற்குள் அடுத்த பந்திக்கு அழைப்பு வந்து மண்டபம் எழுந்து போய்விட்டது. மிஞ்சியது மணமக்கள், போட்டோக்காரர், நாற்காலி மடக்குகிற இரண்டு பேர். முருகேசன் கையிலிருந்து மைக்கை வாங்கி, தாளைப் பார்த்து நிதானமாக வாசித்தார்: "இந்தக் கிட்டார் ஆம்ப்பைத் தன் கையால செஞ்சு, கூடவே வந்து நிக்கிறவரு, ராஜபாளையம் வே. பொன்னுச்சாமி."

நான் தனியாக நடத்தி, முழுதாக ஜெயித்த ஒரே போராட்டத்துக்குக் கை தட்டியது மாப்பிள்ளை ஒருவர்தான், அவரும் போட்டோக்காரர் "கைய எறக்குங்க சார்" என்றதும் நிறுத்திக்கொண்டார்.