திருப்பி அனுப்பத் தெரிந்தவர்

வசுந்தரா மேடம் காலமான செய்தியைத் தொலைபேசியில் எனக்குச் சொன்னவர் எங்கள் பழைய மேலதிகாரி. சொன்ன கையோடு, இரங்கல் கூட்டத்தில் தாம்தான் முதலில் பேசப்போவதாகவும் சொன்னார். அப்போதே எனக்கு வயிறு எரிந்தது.

எண்பதுகளின் கடைசியில் நெய்வேலிச் சுரங்க நிறுவனத்தில் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர்கள் மேடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கோவைப் பக்கத்துக்காரர். யாரை மட்டம் தட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் தட்டுவார்.

டெலிபோன் வழியாக மெயில் அனுப்பும் புதுமை அப்போதுதான் வந்திருந்தது. மற்ற பிரிவுக்காரர்கள் எழுதும் மெயிலும் எங்கள் கை வழியாகத்தான் போகும். முகவரி எழுத இரண்டு முறைகள். ஒன்றில், போகும் வழியிலுள்ள கம்ப்யூட்டர்களை ஆச்சரியக்குறி போட்டு வரிசையாக எழுத வேண்டும். மற்றதில் ஆள் பெயர், @ குறி, அவர் இருக்கும் இடம். சிலர் இரண்டையும் ஒரே முகவரியில் கலந்துவிடுவார்கள். ஆச்சரியக்குறியை முதலில் படித்தால் ஓரிடம் போகும், @ குறியை முதலில் படித்தால் வேறிடம்.

"தெரியலைன்னா அனுப்புனவருக்கே திருப்புங்க. கேட்டு எழுதட்டும்" என்பது மேடத்தின் சட்டம்.

மெயில் திரும்பினால் மேலதிகாரிக்குக் கௌரவம் போய்விடும். "ஏதாவது ஒண்ணைப் புடிச்சி அனுப்புங்கம்மா. திரும்பி வந்தா மைன்ஸ்காரன் சிரிப்பான்" என்றார்.

"ஏனுங்க சார், பண்ருட்டிக்குப் போறவரை வடலூர் பஸ்ஸுல ஏத்தி உட்டுட்டு, அதுக்குப் பேரு உதவிங்களா?"

உத்தரவு மாறவில்லை. அந்த மழைக்காலத்தில் சுரங்கத்தில் மண் வாரும் ராட்சத இயந்திரம் பல்சக்கரம் உடைந்து நின்றது. வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்பச் சொல்லி மைன்ஸிலிருந்து ஒரு கேள்வி வந்தது. கலப்பட முகவரி; உத்தரவுப்படி ஏதோ ஒரு வழியைப் பிடித்து அனுப்பினோம். மெயில் போய்விட்டது என்று மேலதிகாரி மைன்ஸுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டார். பதிலுக்குக் காத்துக் கிடந்தோம். சம்பந்தமில்லாத ஒரு கல்லூரிக்காரர் 'இது எனக்கானதல்ல' என்று எழுதிய பிறகுதான் வண்டவாளம் வெளியே வந்தது. அது உடனே திரும்பியிருந்தால் அன்றே தந்தி அடித்திருக்கலாம். பழியை மேடத்தின் தலையில் கட்டி, ஸ்டோர்ஸுக்குத் தள்ளினார்கள். அந்த மூளைக்கு ஓய்வு பெறும்வரை நட்டும் போல்ட்டும்தான் வேலை.

"விடுங்க, போல்ட்டு பொய் சொல்லாதுங்க" என்றார். எனக்குத்தான் ஆறவில்லை, இன்றுவரை.

இரங்கல் கூட்டத்தில் மேலதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். "மேடம் இருந்தவரைக்கும் ஒரு மெயில்கூடத் திரும்பி வந்ததில்லைங்க." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு ஒரு மேடையும் மைக்கும் போதும். பேச்சை அப்படியே எழுதி, நான் நடத்தும் ஓய்வுபெற்றோர் மலரில் போடச் சொல்லி அனுப்பியும் வைத்தார்.

மேடத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு சட்டத்தைத்தான். அதன்படி, அந்தப் பேச்சை அனுப்பியவருக்கே திருப்பிவிட்டேன். மேலே ஒரு வரி எழுதினேன்: 'தாங்கள் குறிப்பிடும் ஆள் எங்களோடு வேலை பார்த்ததில்லை.'